பெரட்டுக்களத்தில் தட்டும் சத்தம்

நடந்தவை வரிசையாக:

1. இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில், நான் நர்ஸாக வருவதற்கு முந்திய வருட மழையில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த ஒரு லயத்தை மூடியது.
2. தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கும் கருப்பையாவின் மனைவியும் மகளும் அதற்குள் புதைந்து போனார்கள். உடல்கள் கிடைக்கவில்லை.
3. தோட்டம் அந்த மண்ணைச் சமப்படுத்தி, ஆட்கள் காலையில் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களமாக்கியது. விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட, கருப்பையா அங்கேயே நின்று தப்படித்தார்.
4. அவர் குடிக்கத் தொடங்கினார்.
5. தோட்டத்தை நடத்தும் துரை அவரை ஆஸ்பத்திரியில் என் வார்டுக்கு அனுப்பினார். பதினான்கு நாளில் குடியை நிறுத்தி, வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்தேன்.
6. மறுநாள் பெரட்டில் அவர் தப்பைக் கீழே போட்டுவிட்டுக் கையால் மண்ணைத் தோண்டினார்.

ஐந்தாவது என் பிழை. பயிற்சி முடித்து தோட்டங்களுக்கு வரும் நர்ஸ்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வார்டில்

சாராயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நரம்பை அமர்த்தும் புரோமைட் மிக்சர் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் சிமெந்துத் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தார்.

"என்ன கேக்குது?"

"தட்டுறாங்க மிஸ்ஸி."

குடியை விடும்போது வரும் பிரமை என்று எழுதினேன். ஐந்தாம் நாள் கேட்டபோது, "இப்ப இல்லீங்க" என்றார். நம்பினேன். நடுக்கம், நாடி, பசி, தூக்கம்: என் பட்டியலில் நான்கும் சரியாக இருந்தன.

பெரட்டில்

அன்று நானும் போயிருந்தேன். கருப்பையா மூன்று அடி அடித்தார். நிறுத்தினார். பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவர்போலத் தலையைச் சாய்த்தார். மறுபடி மூன்று அடித்து, மறுபடி காத்திருந்தார். முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக மண்ணிலிருந்து காலை எடுத்து ஓரக்கல்மேல் ஏறினார்கள். யாரும் ஏறச் சொல்லவில்லை. நானும் ஏறியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

அவர் மண்டியிட்டுத் தோண்டினார்.

"பெரட்டுக்கு ஆளக் கூப்பிடச் சொன்னா பேயக் கூப்பிடுறியாடா?" என்றார் பெரிய கங்காணி. ஒருவரும் சிரிக்கவில்லை. "மிஸ்ஸி, நாளைக்கும் இப்படின்னா வேலையிலேருந்து இவன் பேர வெட்டிருவாரு தொர. குடியிருக்கிற காம்பிராவும் போயிரும்."

அவர் சொன்னது

வார்டுக்குக் கூட்டிப்போய் நகத்து மண்ணைக் கழுவினேன். அப்போதுதான் சொன்னார்.

"சரிஞ்ச அன்னிக்கு உள்ளேயிருந்து தட்டுச்சுங்க. எங்காதால கேட்டேன். தோண்ட ஆளு வேணும், தப்ப அடிடான்னாரு கங்காணி. அடிச்சேன். மேல் லயத்து ஆளு எல்லாம் வர்ற வரைக்கும் அடிச்சேன். நிறுத்திட்டுப் பாத்தா கீழ சத்தமில்ல."

துண்டால் அவர் கையைத் துடைத்தேன்.

"நா அடிச்சதுல கேக்காமப் போச்சா, நின்னே போச்சா? அது தெரியலைங்க. குடிச்சா தப்பு மட்டுந்தான் கேக்கும். குடிக்காட்டி கீழேயிருந்து பதிலும் வருது."

ஒரு வருடமாக அவர் குடித்தது அந்தப் பதிலை அடக்கத்தான். நான் குடியை மட்டும் எடுத்துவிட்டு, அவரைத் தெளிந்த காதோடு அதே மண்மேல் அதே தப்போடு நிறுத்தியிருந்தேன்.

அன்றே புதிய சர்ட்டிபிகேட் எழுதினேன்: தப்படிக்கத் தகுதியில்லை, மற்ற எல்லா வேலைக்கும் தகுதி. துரை இரண்டு தரம் படித்தார்.

"குடி இல்லே. நடுக்கம் இல்லே. அப்போ என்ன சீக்கு?"

"சத்தம் கேட்கிறது, துரை. அது போகாவிட்டால் குடி திரும்ப வரும்."

"ஒரு மாசம் பாக்கிறேன்" என்றார்.

இப்போது

குடியை நிறுத்துவதற்கு முன், அது எதற்காக என்று கேட்கிறேன். ஐந்தாம் நாள் வரும் 'இல்லீங்க' என்ற பதிலை நம்புவதில்லை.

கருப்பையா ரப்பர் ஷீட் காயும் புகைக்கூடத்தில் விறகு போடுகிறார், எட்டு மாதமாகிறது. பெரட்டுக்குத் தப்புக்குப் பதிலாகக் கொம்பு ஊதுகிறார்கள். இரண்டு முறை குடித்தார், இரண்டும் பெருமழை நாட்கள். மறுநாள் தானே வார்டுக்கு வந்து சொன்னார். சத்தம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. களத்தை வேறிடத்துக்கு மாற்றும்படி இரண்டு தடவை துரைக்கு எழுதினேன். பதில் வரவில்லை.