செல்லையாவின் குறட்டைக்குச் சாட்சி

தூக்கத்தை ஆராயும் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் போவது நம் தூக்கம்தான். முப்பது வருஷம் தேயிலைத் தோட்டம் தோட்டமாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தவன் நான். தொழிற்சங்கம் என்னைக் கழற்றிவிட்ட பிறகு, பதுளையில் தமிழ் தெரியாத நரம்பியல் டாக்டரம்மாவுக்கு மொழிபெயர்க்கிறேன். விடியுமுன் பேர் கொடுத்து வேலை வாங்கப் பெரட்டுக்கு ஓடியே தூக்கத்தைத் தொலைத்தவர்களே, இது உங்களுக்குத்தான்.

ஒரே பதில்

தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மருத்துவ முகாம். "பகலில் தூக்கம் வருமா?" என்று கேட்டோம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் "இல்லை" என்றார்கள். வேலையில் கண்ணயர்ந்தால் பேர் வெட்டி அன்றைய கூலியைப் பிடிக்கும் இடத்தில் வேறென்ன சொல்வார்கள்? ஃபெக்டரி செல்லையா ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே தூங்கிச் சரிந்தவர். இன்னொரு தரம் சரிந்தால் கை போய்விடும். அவர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு சொன்னார்:

"பகல்ல கண்ண மூடுனதே இல்லீங்க. தோட்டத் தொரைக்கு அப்படியே எழுதிக் குடுத்துருங்க."

அடுத்த காம்பரா

"பக்கத்தில் படுப்பவரைக் கேட்போம்" என்றார் டாக்டரம்மா. செல்லையாவோ தனியாள். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் நடுச்சுவர் கூரையைத் தொடாதே! அடுத்த காம்பராவில் கொழுந்து பறிக்கும் பாக்கியம் இருந்தாள். மரக்கறிப் பாத்தித் தகராறில் இருவருக்கும் எட்டு வருஷமாகப் பேச்சில்லை. தொழிலாளர் ஒற்றுமையைப் பற்றி நான் ஆரம்பித்தேன்.

"பிரசங்கத்த விடுங்க தலைவரே, என்ன கேக்கணும்?" என்றாள்.

செல்லையாவின் குறட்டை திடீரென்று நிற்குமாம், மூச்சும் நிற்குமாம். உடனே இவள் சுவரைத் தட்டுவாளாம். பேசாதவருக்காக ஏன் தட்டுகிறாய் என்று டாக்டரம்மா கேட்கச் சொன்னார்.

"பேச்சுத்தானே இல்ல. அதுக்காக ஆள சாக விட்டுருவாங்களா?"

அவர் கேட்ட தட்டல்

செல்லையாவை ஆஸ்பத்திரியில் சோதித்தபோது பாக்கியம் சொன்னதே சரி. தூக்கத்தில் மூச்சு அடைபட்டு மூளை களைத்துப்போயிருந்தது. பகல் தூக்கமும் மறதியும் அதனால்தான். குணமாகும்வரை மெஷின் பக்கம் விடக்கூடாது, வேலையும் போகக்கூடாது என்று டாக்டரம்மா கடிதம் எழுதினார். யார் சாட்சி சொன்னது என்று நான் சொன்னதும், செல்லையா என் பக்கம் திரும்பினார்.

"அவ வம்புக்குத் தட்டுறான்னுல்ல நெனச்சேன். மனசுக்குள்ள திருப்பித் திருப்பித் திட்டியிருக்கேனே, தலைவரே."

சத்தமில்லாத காலை

மூச்சு அடைக்காதிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த முகமூடியை மாட்டிய முதல் இரவு, குறட்டையே இல்லை. விடிந்ததும் பாக்கியம் பெரட்டுக்குப் போகாமல் அவர் கதவை இடித்தாளாம். நன்றாகத் தூங்கிய முகத்தோடு செல்லையா திறந்திருக்கிறார். எட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு:

"இருக்கீங்களாண்ணே? சத்தமே கேக்கல, நான் பொட்டுக் கண்ணு மூடல."

ஒற்றுமை ஒற்றுமை என்று முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவனுக்கு, அது அரைச்சுவருக்கு அந்தப்பக்கம் சத்தம் போடாமல் முழித்துக் கிடந்தது காதில் விழவே இல்லை.