சவரிமுத்து குடித்த நீராகாரம்

அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, கன்னடியன் கால்வாய் பாயும் ஊர் ஒன்றில் பண்ணையார் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான் பலவேசம். கழிச்சல் நோய் கண்டு அவன் கிடந்தபோது சொந்தக்காரர்களே எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவர், வேதக்கோயிலில் பாடம் சொல்லும் இஞ்ஞாசி உபதேசியார் ஒருவர்தான். பிழைத்தெழுந்தவன் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தான். 1910ஆம் வருஷத்துப் பாஸ்கா என்னும் உயிர்ப்புத் திருநாளில் ஞானஸ்நானம் வாங்கிச் சவரிமுத்து ஆனான். அவன் பெண்டாட்டி சுடலைவடிவு வரவில்லை. "நீங்க போங்க, நான் பைய வாரேன்" என்று சொல்லிவிட்டாள்.

மந்திரங்களை எல்லாம் அவன் சீக்கிரமே மனப்பாடம் செய்துவிட்டான். கடவுள் விலக்கிய பழத்தைத் தின்ற ஆதாமின் கதையைக் கேட்டபோது மட்டும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பொண்டாட்டி குடுத்தா, தின்னேன்னு சொன்னானாக்கும்! இவனெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்றான். உபதேசியார் சிரிக்காமல் அடுத்த பாடத்துக்குப் போனார். பூசையில் நாக்கில் வைக்கும் அப்பமாகிய நன்மையை வாங்கும் நாளில் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டைக்குள் இறங்கக் கூடாது என்பதுதான் அந்தப் பாடம். சவரிமுத்து தலையை நன்றாகவே ஆட்டினான். வீட்டில் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றவில்லை.

ஆவணி பிறக்கும் சமயத்தில் வந்த மாதா திருநாளன்று அவனுக்கு முதல் நன்மை. பயிர் அதற்காகக் காத்திருக்குமா? விடியுமுன் போய் மடை திறந்துவிட்டு, சேற்றுக் காலோடு வீடு வந்தான். வேட்டி மாற்றிக்கொண்டு புறப்படும்போது சுடலைவடிவு வழக்கம்போலச் செம்பு நிறைய நீராகாரத்தை நீட்டினாள். "வெறும் வயித்தோட போறியளே" என்றாள். அவனும் வழக்கம்போல வாங்கி மடமடவென்று குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாகவே நடந்தான்.

கோயிலில் முழங்கால் போட்ட பிறகு ஒரு புளித்த ஏப்பம் வந்தது. அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

புது ஆட்கள் எல்லாரையும் முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த பண்ணையார் வீட்டு ஆட்கள் வாசலில் நின்றார்கள். எழுந்து போய் நன்மை வாங்காமல் இருந்தால் 'பழைய சாமிக்கே திரும்பிட்டான்' என்பார்கள். காரணத்தைச் சொன்னாலோ, ஒரு செம்புத் தண்ணீர் குடிக்காமல் இருக்கத் தெரியாதவன் என்று ஊரே சிரிக்கும். உபதேசியார் கண்ணைக் காட்டினார். சவரிமுத்து எழுந்து போய் நாக்கை நீட்டினான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி மேல்தான் பாய்ந்தான். "உன்னாலதான்டி எல்லாம் கெட்டுது!"

"என்னத்த கெடுத்தேன்? சொல்லிட்டுத்தான் ஏசுங்களேன்" என்றாள் அவள். அவன் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு பங்குச் சாமியார் பூசைக்கு வரும்போதெல்லாம், மறுபடி நன்மைக்குப் போகாமலிருக்க, அவனுக்கு ஒரு நோய் வந்தது. ஒரு தடவை வயிற்றுவலி, ஒரு தடவை முதுகுப்பிடிப்பு. பாவத்தின் மேல் பொய்யாக அடுக்கிக்கொண்டு போனான். சாயங்காலச் செபத்தில் 'என் பாவமே' என்று மற்றவர்கள் மெதுவாக மார்பில் தட்டினால் இவன் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டான். இவனுக்கு இருக்கும் பக்தியைப் பாருங்கள் என்று உபதேசியார் அதையும் மெச்சிவிட்டார். நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது அவனுக்கு.

மார்கழி நெருங்க, சவேரியார் திருநாள் வந்தது. "உன் பேரு கொண்ட திருநாள்லே. இதுக்கும் முதுகு பிடிக்குமோ?" என்று கேட்டார் உபதேசியார். வேறு வழியில்லாமல் முந்தின நாள் சாயங்காலம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பொறுத்தல் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான்.

சாமியார் வெள்ளைக்காரர். தமிழை எழுத்தெழுத்தாக அளந்து பேசுவார். சவரிமுத்து கோபத்தைச் சொன்னான், கெட்ட வார்த்தையைச் சொன்னான், கடைசியில்தான் அதற்கு வந்தான்.

"நன்மை வாங்குன அன்னைக்கு நீராகாரம் குடிச்சிட்டேன் சாமி. நானாக் குடிக்கல. பொண்டாட்டி குடுத்தா..."

சொன்ன வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது. ஆதாமைச் சொல்லிச் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்து முகம் தீயாய் எரிந்தது.

"அவளுக்கு அந்த ஒழுங்கு தெரியுமா?" என்று கேட்டார் சாமியார்.

"தெரியாது சாமி. நான் சொல்லல."

"மறந்து குடித்தது பாவமல்ல. ஞாபகம் வந்த பிறகும் ஏன் வாங்கினாய்?"

"மானம் போயிருமேன்னுதான் சாமி."

சாமியார் பாவப்பொறுத்தல் கொடுத்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, ஏசியதற்கு மன்னிப்புக் கேட்பதுதான் அபராதம் என்றார். அதைவிட நூறு செபமாலை சொல்லச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தான் சவரிமுத்து.

அடுப்படியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். சுடலைவடிவு முழுக்கக் கேட்டுக்கொண்டாள். "இதை அன்னைக்கே எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் விடியுமுன் மடையைப் பார்த்துவிட்டு வந்தான். வேட்டி மாற்றினான். புறப்படும்போது, என்ன கொடுமை, அவன் கை தானாகவே செம்புக்கு நீண்டது. கை காற்றில் நின்றது. நீராகாரப் பானை கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

"ராத்திரி சோத்துல தண்ணியே ஊத்தல. உங்க கை எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் சுடலைவடிவு.

"அப்ப நீ என்னத்தக் குடிச்ச?"

"நீங்க வெறும் வயித்தோட நிக்கையில எனக்கு மட்டும் எங்கன இறங்கும்? நானும் ஒண்ணும் தொடல. சீக்கிரம் போங்க, மணி அடிச்சிட்டாங்க."

முதல் நன்மைக்கு அவன் கட்டிக் காக்காத நோன்பை, ஞானஸ்நானம் வாங்காதவள் கேட்ட மறுநாளே காத்துவிட்டாள். கோயிலில் அன்று சவரிமுத்து கடைசி ஆளாகப் போய் நன்மை வாங்கினான். வாங்கிவிட்டுத் திரும்பும்போது வாசலுக்கு வெளியே, வேடிக்கை பார்ப்பவர்களோடு அவளும் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் பட்டினிதான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.