வரப்பு வரைக்கும் ஒரு பாட்டு

கோவளம் சர்ச்சில் என் மகள் சிரித்த முகத்தோடு பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் பருத்திக் காட்டில் பாடிய பாட்டு அது.

"அவங்க சந்தோஷத்துல பாடுறாங்கன்னு மொதலாளிங்க நெனச்சாங்க," என்றார் பாட்டு டீச்சர்.

சட்டென்று எனக்கு அச்சரப்பாக்கத்துச் சேற்று வாடை அடித்தது. அம்மா ஆண்டையின் வயலில் நடவு நடுவாள். கரையேறிப் பால் கொடுக்க அவர் விடமாட்டார். வரப்போரம் வேப்பமரத்தில் கட்டிய புடவை ஏணையில் தங்கச்சி அழுவாள். அவளுக்குக் கேட்கட்டும் என்று அம்மா சேற்றில் நின்றபடியே உரக்கப் பாடுவாள்.

காய்ச்சலில் தங்கச்சி போன மறுவாரம், நடவுக்கு வந்த அம்மா வாயே திறக்கவில்லை.

"இன்னாமே, பாட்டையே காணோம்? குஷியா பாடிக்கினு இருப்பியே!" என்றார் ஆண்டை.

மகளின் காதருகே குனிந்தேன். "சிரிக்காம பாடு கண்ணு."