விற்பதற்கல்ல

அந்தப் பழைய தாளின் நிழற்பிரதியை முதலில் வாசித்தவர் அக்காதான். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வழக்கமாக வேலை முடியும் வரை அதைக் கழற்ற மாட்டார்.

யாழ்ப்பாண நகரில் ஒரு கடைக்கு மேலே இருந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி என்று வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் கடதாசிகள்தான் பெரும்பாலும் வரும். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர், குருநகரிலிருந்து சைக்கிளில் வருவார். உறுதிப்படுத்திக் கையொப்பமிடும் முத்திரை எங்கள் இருவரிடமும் இருந்தது.

தாளைக் கொண்டுவந்தவர் இலண்டனில் இருந்து வந்திருந்தார். மகளின் திருமணத்துக்குக் குடும்ப வரலாற்றை நூலாக அச்சிடப் போவதாகவும், முன்னோர் ஒருவர் பெயர் வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலப் பதிவொன்றில் இருப்பதாகவும் பெருமையோடு சொன்னார். பெயர் இருந்தது உண்மைதான். கடல்வழியே அடிமைகளை உள்ளே கொண்டுவரக் கூடாது என்ற சட்டத்திலிருந்து அந்த முன்னோருக்குக் கிடைத்த விலக்குத்தான் அந்தத் தாள். குடியேற வருகிறவர் தன் வீட்டு அடிமைகளை, விற்பதற்கல்ல என்று சத்தியம் செய்துவிட்டுக் கூட்டி வரலாமாம். அப்படித்தான் அந்த முன்னோர் காத்தாயி என்ற பெண்ணையும் அவள் மகள் சின்னியையும் வல்வெட்டித்துறையில் இறக்கியிருந்தார். தாளின் அடியில் பிற்காலக் கையெழுத்தில் இன்னொரு குறிப்பு: சின்னி, சண்டிலிப்பாயில் மணம் முடித்த அவரது மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டாள். காத்தாயியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. விற்கவில்லை, கொடுத்தார். சத்தியம் மீறப்படவில்லை.

"அடிமை எண்ட உந்தச் சொல் வேண்டாம், தங்கச்சி. பணிப்பெண் எண்டு போடுங்கோ. கலியாண வீட்டிலை சனம் வாசிக்கிற புத்தகம்," என்றார் வந்தவர்.

"கடதாசியிலை இருக்கிறதைத்தான் நான் எழுதுவன், ஐயா," என்றார் அக்கா.

முதலாளி இரண்டு நாள் தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் குரலை உயர்த்தினார். அன்று மத்தியானம் சாப்பிடும்போது நான் அக்காவிடம் கேட்டேன்: "ஏன் அக்கா இவ்வளவு பிடிவாதம்? காத்தாயியும் மகளும் உங்கடை ஆக்களோ?"

கேட்டபின்தான் என்ன கேட்டேன் என்று எனக்கே விளங்கியது. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: சாதி. அக்கா சோற்றுப் பெட்டியை மூடினார்.

"என்ரை ஆக்கள் எண்டால் என்ரை பிடிவாதம் சரியெண்டு விட்டிடுவியோ? இல்லையெண்டால் எனக்கு நோகக் கூடாதோ?"

பின்னேரம் முதலாளி தாளை என் மேசையில் வைத்தார். நான் பணிப்பெண் என்று எழுதினேன். சீதனத்தை "மகள் வீட்டில் பணிபுரிந்தாள்" என்று மாற்றினேன். தாய், மகள் இருவரின் உடல் அடையாளங்களை எழுதியிருந்த வரிகள் அலங்கோலமாகத் தெரிந்தன, அவற்றையும் விட்டுவிட்டு முத்திரை குத்தினேன். அடுத்த கிழமை அக்கா வேலையை விட்டு நின்றார். போகும்போது என்னிடம் கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நூல் அழகாக வந்தது. அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினார்கள். அந்தப் பக்கத்தைத் திறக்க என்னால் முடியவில்லை, திறக்காமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டில் கணவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மனம் விற்பதற்கல்ல, விற்பதற்கல்ல என்று ஓடும். சில வருடங்கள் இப்படியே போய், கடைசியில் இந்த வருடம், அலுவலகக் கோப்பில் இருந்த அந்தத் தாளை முதலிலிருந்து ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அடிமை என்ற இடத்தில் அடிமை என்றே எழுதி, முன்பு செய்தது பிழை என்று ஒரு வரியும் சேர்த்து, இலண்டனுக்கு அனுப்பினேன். குருநகருக்கு, அக்காவின் முகவரிக்கும் ஒரு பிரதி போட்டேன்.

அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இலண்டனிலிருந்து, மணமகளாக இருந்த அந்த மகள் எழுதியிருந்தாள். தகப்பனுக்கு இன்னும் காட்டவில்லையாம். அவளுக்கு இப்போது ஒரு பெண்குழந்தை. ஒரு கேள்விதான் கேட்டிருந்தாள்: "தாயோடை வந்திறங்கேக்கை சின்னிக்கு எத்தினை வயசு?"

தாளில் வயது இல்லை. முன்பு நான் வேண்டாமென்று விட்ட அடையாள வரியில் உயரம் மட்டும் இருந்தது. அதையே அவளுக்கு மறுபடியும் எழுதினேன்: தாயின் இடுப்பளவு.