நாற்பத்தொரு கேள்விகளுக்கு ஒரு தையல்காரம்மா

பதினொன்று பத்துக்கு உடம்பில் சூடு ஏறுகிறது. தையல்காரம்மா மிஷினை மிதிப்பதை நிறுத்துகிறார். பாதி தைத்த பேண்ட்டை ஊசியிலேயே விட்டுவிட்டு, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இழுப்பறையிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்து நேரத்தைக் குறிக்கிறார். ‘எவ்வளவு நேரம்’ என்ற கட்டத்தில் மூன்று நிமிடம் என்று போடுகிறார். ‘காரணம் ஏதும் உண்டா’ என்ற கட்டத்துக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொள்கிறார். அவசரப்பட்டு நிரப்புகிற கட்டமல்ல அது. இன்றைக்கு எழுதியது: ‘போன மாதம் இடுப்பைப் பிடித்துக் கொடுத்த அதே பேண்ட்டைப் பெரிதாக்கச் சொல்லி ஒருவர் கொண்டு வந்தார்.’

நோட்டு ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்தது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பும் உடம்பும் எப்படி மாறுகின்றன என்று ஐந்து வருடம் கூடவே இருந்து பார்க்கிற ஆராய்ச்சி. முந்நூறு பெண்களில் தையல்காரம்மா அறுபத்து மூன்றாம் எண். ஐம்பத்தாறு வயது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்துக்குப் போவார். உயரம், எடை பார்ப்பார்கள். மேஜையில் படுக்கவைத்து எலும்பு அடர்த்தியைப் படம் எடுப்பார்கள். பிறகு ஒரு நர்ஸ் எதிரே உட்கார்ந்து நாற்பத்தொரு கேள்விகள் கேட்பார்.

நோட்டில் வீட்டுக்காரர் அடிக்கடி வருவார். ‘வீட்டுக்காரர் ஃபேனை நிறுத்தினார்.’ ‘வீட்டுக்காரர், ஊருக்கெல்லாம் இல்லாத வேர்வை உனக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.’ ஒரு நாள் வேறு விளக்கமே இல்லாமல் வெறும் ‘வீட்டுக்காரர்.’ இதையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஆராய்ச்சி டாக்டர் தலையைப் பிய்த்துக்கொள்வதாகக் கேள்வி. ஆனால் நோட்டுகள் வந்து சேர்ந்ததும் அவர் முதலில் தேடி எடுப்பது அறுபத்து மூன்றைத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வாரம் வந்துவிட்டால் தையல்காரம்மாவுக்குப் பரீட்சைக் காய்ச்சல் பிடித்துக்கொள்ளும். வேளா வேளைக்குப் பால். காலையில் மொட்டை மாடியில் வெயில். “ஒரு வாரம் பால் குடிச்சா எலும்பு ஏறிடாதுக்கா” என்று நர்ஸ் சொல்லிப் பார்த்துவிட்டார். “தெரியும்மா. ஆனா ஒண்ணுமே படிக்காம போய் உக்கார முடியுமா?” என்பது பதில்.

போன வருடம் உயரத்தில் கால் அங்குலம் குறைந்திருப்பதாகச் சொன்னதும் சண்டைக்கே போய்விட்டார். “முப்பது வருஷமா டேப்பு பிடிக்கிறவ நான். என் கிட்டயே கால் இஞ்ச் வெட்டுறீங்களா?” பையிலிருந்து சொந்த டேப்பை உருவி நர்ஸ் கையில் கொடுத்து அளக்க வைத்தார். அதே கால் அங்குலம் அதிலும் குறைந்தது. டேப்பைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு, “பரவால்ல, உங்க அளவு சரியாத்தான் இருக்கு” என்று அந்த ஆஸ்பத்திரிக்கே நற்சான்றிதழ் கொடுத்தார்.

அவர் மார்தட்டிக்கொள்கிற பாடம் ஒன்று உண்டு. கையால் அழுத்துகிற கருவி. எவ்வளவு பலமாகப் பிடிக்கிறோம் என்று அது எண்ணாகக் காட்டும். கனத்த கத்தரிக்கோலில் பழகிய கை, இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கியதில்லை. நர்ஸுக்கு இருபத்திரண்டுதான். “நீ சாப்பிடறதே இல்லையாம்மா?” என்று ஒவ்வொரு முறையும் விசாரிப்பார்.

பாலும் வெயிலும் கையும் ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் அங்கே போவது அந்த நாற்பத்தொரு கேள்விகளுக்காக. தூக்கம் எப்படி, முட்டி வலிக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று அவரைக் கேட்க வேறு யாருமில்லை. வெளியூர் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, “நல்லாருக்கியாம்மா? சரி, வச்சிடறேன்” என்பான். வீட்டுக்காரர் கெட்டவரல்ல. எந்தப் பேச்சும் சாப்பாடு ஆச்சா என்பதில் போய் முடிந்துவிடும், அவ்வளவுதான். நர்ஸோ கேட்டுவிட்டுக் காத்திருப்பார். சொல்வதைப் பேனாவால் எழுதிக்கொள்வார். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத் தையல்காரம்மா ஆறு மாதமும் நாள் எண்ணிக்கொண்டிருப்பார்.

அதனால்தான், இந்த முறை போவதற்கு நாலு நாள் முன்னால் நூல் பெட்டியை எடுக்க முக்காலியில் ஏறி, முக்காலியோடு கீழே வந்தபோது, வலியை முந்திக்கொண்டு வேறொரு பயம் வந்தது. காத்திருக்கிற பெஞ்சில் ஒருமுறை யாரோ சொல்லியிருந்தார்கள்: நூற்றுப் பன்னிரண்டாம் எண் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாராம், ஆராய்ச்சியிலிருந்து பேரை அடித்துவிட்டார்களாம். தையல்காரம்மா மணிக்கட்டைப் பார்த்தார். அது கொழுக்கட்டையாக வீங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று முடிவு செய்தார்.

போகிற அன்று முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார். வெளியே வெயில் கொளுத்தியது. பத்தாவது கேள்விக்குள் உள்சூடும் ஏறி, நெற்றியிலிருந்து வேர்வை படிவத்தின் மேலேயே சொட்டியது.

“ஸ்வெட்டரைக் கழட்டிடுங்களேன்க்கா.”

“குளுருது.”

நர்ஸ் அடுத்த கேள்விக்குப் போனார். இருபத்தொன்பதாவது வந்தது. “போன ஆறு மாசத்துல எங்கயாவது விழுந்தீங்களா?”

“நான் எதுக்கும்மா விழறேன்? எனக்கு வேற வேலையில்லையா?”

நர்ஸ் ‘இல்லை’ என்று எழுதினார். நாற்பத்தொன்றும் முடிந்தன. கடைசியாகக் கருவியை நீட்டினார். தையல்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். ஒன்பது.

இரண்டு பேரும் அந்த ஒன்பதையே பார்த்தார்கள். “மிஷினு கெட்டுப்போச்சு” என்றார் தையல்காரம்மா. நர்ஸ் எழுந்து வந்து ஸ்வெட்டர் கையை மெதுவாக மேலே சுருட்டினார்.

“எப்பக்கா?”

“நாலு நாளாச்சு.”

“வீட்ல சொன்னீங்களா?”

“சொன்னேன். முக்காலி உடைஞ்சிடுச்சான்னு கேட்டாரு.”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. தையல்காரம்மாவுக்கு அழுகை வந்தது. “பேரை அடிச்சிடாதம்மா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கில்ல. நான் இங்க வந்துதான் நாலு வார்த்தை பேசறேன்.”

“யாருக்கா பேரை அடிக்கிறது?”

“நூத்திப் பன்னெண்டுக்கு அடிச்சீங்களே.”

“அவங்க மக வீட்டுக்குப் போயிட்டாங்க. அங்கேருந்து போன்ல பதில் சொல்லிட்டுத்தான் இருக்காங்க. விழறவங்க யாரு, எப்படி விழறாங்கன்னு தெரிஞ்சுக்கத்தானே இவ்வளவு பாடும்? உங்களை விடுவோமா?”

நர்ஸ் எக்ஸ்ரே அறைக்குப் போன் செய்தார். இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். மணிக்கட்டை அட்டை வைத்துக் கட்டி, கழுத்தோடு தூளி மாட்டிவிட்டார். இருபத்தொன்பதாவது கேள்வியில் ‘இல்லை’யை அடித்து ‘ஆம்’ என்று திருத்தினார். அலமாரியிலிருந்து மஞ்சள் நிறப் படிவம் ஒன்றை உருவினார்.

“இது என்னம்மா?”

“விழுந்தவங்களுக்குத் தனிப் படிவம். பதினெட்டுக் கேள்வி.”

“இன்னும் பதினெட்டா?”

“எக்ஸ்ரேக்குக் கூப்பிடற வரைக்கும் எழுதலாம். முதல் கேள்வி. விழறதுக்கு முன்னாடி என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?”

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அதுக்கு முந்தின நாள்லேருந்து ஆரம்பிக்கணுமே.”

பைக்குள் போன் அடித்தது. வீட்டுக்காரர். இடது கையால் துழாவி எடுத்து, அதை முழுதாக ஆஃப் செய்து, பையின் அடியில் போட்டார். பிறகு நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.