பல்லும் குதிகாலும்

ஆட்டுக் கொட்டடிக் கதவுக்குக் கீல் வாங்கப் போன மாதம் ராமநாதபுரம் பஜாரில் ஒரு இரும்புக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கீலைத் தேடிக்கொண்டிருந்தபோது, சுவரில் கம்பியில் மாட்டித் தொங்கிய ஒரு குறட்டின் மேல் என் கண் போனது. நீளக் கை இரண்டு, ஒல்லியான மூக்கு, ஒரு பக்க மூக்கின் முதுகில் மட்டும் உருண்டையாக ஓர் இரும்புக் குமிழ். கைப்பிடியில் போட்டிருந்த சிவப்பு உறை மட்டும்தான் எனக்குப் புதிது. "அது என்னங்க?" என்று தெரிந்துகொண்டேதான் கேட்டேன். "அது மேஸ்திரி குறடும்மா. தலை போன ஆணியக்கூட புடுங்கிரும்" என்றார் அவர். எந்த மேஸ்திரி என்று எனக்குத் தெரியும்; அவருக்குக் கீழேதான் நான் வேலை பார்த்தேன். அந்த ஆள் செத்துப் பல வருஷமாகிவிட்டது. செத்தவரைப் பற்றிப் பொல்லாப்புச் சொல்லக் கூடாது என்பார்கள். நான் இத்தனை நாள் வாயைத் திறக்காததற்கு அந்த நல்ல குணம் காரணமில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எட்டாவது வரை படித்தவள்; மெதுவாக உட்கார்ந்தால் எழுத வரும்.

கீழக்கரைக்கு வெளியே, கடல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும் தூரத்தில், ஒரு பழைய மரக் கிடங்கு இருந்தது. வெளிநாடு போன பிள்ளைகள் பழைய வீடுகளை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இடித்த வீட்டின் தேக்கு உத்தரம், நிலை, மச்சுப் பலகை எல்லாம் எங்கள் கிடங்குக்கு வரும். வெளியே கறுத்து, சுண்ணாம்பு அப்பி, பார்க்கக் கரிக்கட்டை போல இருக்கும். அறுத்தால் உள்ளே பொன் நிறம், எண்ணெய் வாசம். அறுப்பதற்கு முன்னால் ஒரு ஆணி பாக்கியில்லாமல் பிடுங்கியாக வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் மழை பொய்த்துக் கண்மாய் வெடித்துக் கிடந்த வருஷம், நானும் என் அண்ணன் பெண்டாட்டியான மதினியும் அந்த ஆணி பிடுங்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு அப்போது முப்பதைத் தாண்டியிருந்தது. கதிர் அறுக்கவும் களை எடுக்கவும் தெரிந்த கைக்குக் கடப்பாரையும் சுத்தியலும் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது.

பழைய ஆணி என்றால் இப்போது கடையில் கிடைக்கும் உருண்டைக் கம்பி ஆணி அல்ல. கொல்லர் அடித்த நாற்சதுர ஆணி. உப்புக் காற்றில் துருவேறி, துரு மரத்தோடு ஒட்டி, மரத்தின் எலும்பு போலவே ஆகியிருக்கும். கடப்பாரையின் பிளந்த வாயைத் தலைக்கு அடியில் கொடுத்து நெம்பினால் தலை மட்டும் பட்டென்று தெறித்துப் போகும். உடல் உள்ளேயே நிற்கும். அதற்கு மேல் அதைப் பிடிக்க எந்தக் கருவியும் எங்களிடம் இல்லை. சுற்றிலும் உளியால் குடைந்தால் மரம் கெட்டது என்று திட்டு விழும். இதற்கு, எங்களை வேலை வாங்கிய மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார். "எறக்கு" என்பார். மொட்டை ஆணியை இன்னொரு ஆணியால் இன்னும் உள்ளே அடித்து இறக்கி, அந்தக் குழியில் மெழுகும் மரத்தூளும் பிசைந்து அடைத்துவிட வேண்டும். பிறகு அவர் வந்து கட்டையின் தலையில் சாக்பீஸால் ஒரு வெள்ளைப் பொட்டு வைப்பார். பொட்டு வைத்த கட்டையில் ஆணி இல்லை என்று அர்த்தம். அறுவை வாளில் நிற்பவர் அந்தப் பொட்டை நம்பித்தான் கட்டையைத் தள்ளுவார்.

நான் மேஸ்திரியை வெறுத்தேன். அதை மழுப்பிச் சொல்ல விருப்பமில்லை. எங்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மழையை நம்பிக் கிடக்கும் எங்கள் ஊரைக் குத்தி, "ஏ வானம் பாத்த சீமை, இங்கன வா" என்பார். நான் மெதுவாக ஏதாவது சொன்னால் காதருகே கையால் விசிறிவிட்டு, "என்னமோ கொசு சத்தம் கேக்குது" என்று எல்லாரையும் சிரிக்க வைப்பார். ஆணி எடுத்த வழவழப்பான பலகையில் அவர் உட்கார்ந்து சோறு தின்பார். நாங்கள் ஆணி சிதறிய தரையில் குந்தித் தின்ன வேண்டும். மதினி ஒருநாள் அதே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். "தேக்கு மரத்துல ஒக்காந்தா ராணியாயிருவியோ?" என்று கேட்டு, அவள் எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

ஒரு நாள் காலையில் அறுவை வாள் உடைந்தது. பொட்டு வைத்த கட்டைக்குள் ஒரு மொட்டை ஆணி இருந்தது. மெஷினில் சுற்றும் பட்டை போன்ற அந்த வாள் அறுந்து, சாட்டை மாதிரிச் சுழன்று, வாளில் நின்றவரின் தோளைக் கிழித்துவிட்டது. முதலாளி ஓடி வந்தார். அமைதியான மனுஷர். "கழுத்துல பட்டிருந்தா அவன் புள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார். மேஸ்திரி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பொம்பளைக கண்ணுக்கு ஆணி எங்கன தெரியுது மொதலாளி? மூக்குத்திதான் தெரியும்." முதலாளி எங்களைப் பார்த்தார். "இன்னொரு தடவை இப்படி நடந்தா பொம்பளை ஆளே இங்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் கண்மாய் காய்ந்து கிடந்தது. மதினிக்கு மூன்று பிள்ளைகள். எறக்கச் சொன்னது நீதானே என்று அந்த ஆளைப் பார்த்துக் கேட்க ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

அன்று சாயந்தரம் பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்கு நடக்கையில் என் காலில் கருவேல முள் ஏறியது. நான் நகத்தால் கிள்ளி இழுத்தேன். "ஏத்தா, நேரா இழுக்காத, ஒடிஞ்சிரும்" என்று அதட்டினாள் மதினி. இடுப்புச் சாவிக்கொத்தில் கிடந்த முள்வாங்கியை எடுத்து, அதன் ஒல்லி நுனியால் தோலுக்குள் கொஞ்சம் இறங்கி, முள்ளைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்த்துப் புரட்டினாள். முள் முழுசாக வந்தது. வாழ்நாளெல்லாம் பார்த்த காரியம்தான். அன்றைக்குத்தான், இதே முள்வாங்கி முழ நீளம் இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரச் சந்தையன்று, எங்களுக்கு அரிவாள் அடித்துக் கொடுக்கும் கொல்லரிடம் போய், முள்வாங்கியைக் காட்டி, அதே மாதிரி நீளக் குறடு ஒன்று கேட்டேன். தேவிபட்டினம் போகும் ரோட்டில் அவர் பட்டறை இருந்தது. முதலில் அடித்துக் கொடுத்த குறடு மெத்தென்று இருந்தது. இரண்டு ஆணியில் மூக்கு கோணிவிட்டது. இரண்டாவதைப் பழைய லாரியின் வில்பட்டையில் அடித்தார். கோணவில்லை, ஆனால் வழுக்கியது. அவர் பட்டறை வாசலில் கருக்கு வெட்டிய கதிர் அரிவாள்கள் அடுக்கியிருந்தன. அந்தப் பற்கள் எல்லாம் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். இழுக்க இழுக்க நெல்தாளைக் கவ்வும். "இதே மாதிரி உள்ள சாஞ்ச பல்லு வெட்டிக் குடுங்கண்ணே" என்றேன். "கதிரறுக்கிறவ புத்தி கதிர்லதான் நிக்கிது" என்று சிரித்தார், ஆனால் வெட்டிக் கொடுத்தார். பக்கத்துக்கு ஐந்து பல். அதற்குப் பிறகு குறடு ஆணியைப் பிடித்தால் விடவில்லை. ஒரு குறை மட்டும் இருந்தது. பிடித்ததை வெளியே கொண்டுவர மணிக்கட்டு செத்துப் போகும். ஆழமான ஆணி அசையவே அசையாது.

மேஸ்திரி அதைத் தூக்கிப் பார்த்தார். "மொதலைக்குப் பல்லு கட்டியிருக்கியா? கடிச்சிராம பாத்துக்க" என்றார். மறுநாள் குறட்டைக் காணோம். அவர்தான் எடுத்து எறிந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் தேடினேன். நாலாம் நாள் என் இடத்தில் அது கிடந்தது. ஒரு மூக்கின் முதுகில் உருண்டையாக ஓர் இரும்புக் குமிழைப் பற்றவைத்திருந்தது. "வழியில கெடந்துச்சு" என்றார் மேஸ்திரி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. கோபத்தோடு அதை ஒரு மொட்டை ஆணியில் மாட்டினேன். குமிழ் மரத்தில் ஊன்றியது. கையைச் சாய்த்தேன். குதிகாலை ஊன்றி ஆள் எழுந்திருப்பது போலக் குறடு புரண்டது. துரு முனக, விரல் நீள ஆணி முழுசாக மேலே வந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேஸ்திரி பின்னால் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு அவர் ஏச்சைவிட எரிச்சலாக இருந்தது. நான் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கொசு என்றுதான் சொல்லியிருப்பார்.

சில வாரம் கழித்துப் பெரிய உத்தரம் ஒன்று அறுக்க ஏறியது. முதலாளியும் நின்றிருந்தார். தலையில் வெள்ளைப் பொட்டு. வாள் சுற்ற ஆரம்பித்திருந்தது. கட்டையின் நடுவில் விரல் நகம் அளவுக்கு மட்டும் நிறம் மாறியிருந்தது என் கண்ணில் பட்டது. எனக்கு அந்த மெழுகு தெரியும். குறடு வந்த பிறகு நானும் மதினியும் ஒரு ஆணியையும் இறக்கவில்லை. அந்த உத்தரத்துக்கு நாங்கள் வருமுன்னே, அவசரத்தில், மேஸ்திரியே இறக்கிப் பொட்டு வைத்திருக்கிறார். தோளில் தழும்போடு அதே ஆள் வாளருகில் நின்று கட்டையைத் தள்ளத் தயாரானார். நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஓடிப்போய் உத்தரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "ஏ, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? எறங்கு!" என்று மேஸ்திரி கத்தினார். வாளை நிறுத்தினார்கள். நான் குறட்டின் மூக்கை மெழுகில் வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி உள்ளே இறக்கி, கவ்வ வைத்து, சாய்த்தேன். ஆணி வெளியே வந்தது. முதலாளி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

மேஸ்திரிதான் முதலில் பேசினார். "நான் செஞ்ச குறடு மொதலாளி. இந்தப் பொம்பளைகளுக்கு ஒரு மாசமா பழக்கிவிட்டுருக்கேன். இனி வாள் ஒடையாது." முதலாளியின் முகம் தெளிந்தது. "அல்லா காப்பாத்துனான். மேஸ்திரி மூளையே மூளை" என்றார். "இவங்களே இருக்கட்டும். கை நல்லா ஓடுது." மதினி என் முதுகில் குத்தினாள்: "சொல்லு, சொல்லித் தொலை!" நான் சொல்லவில்லை. வேலை மிஞ்சியது, அது போதும் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளே வேறொன்று உறுத்தியது. நான் செய்தது என்று சொன்னால் அந்தக் குதிகாலை எங்கே வைப்பது? அது இல்லாமல் அந்த ஆணி வந்திருக்காது. பாதிப் பொய்யைத் தட்டிக் கேட்க எனக்கும் பாதிப் பொய் வேண்டியிருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் அவரை வெறுத்தேன். அன்று முதல் அது மேஸ்திரி குறடு ஆனது. அவர் அதே மாதிரி பலருக்கும் அடிக்க வைத்துக் கொடுத்தார். படகு வேலை செய்கிறவர்கள் திருப்பாலைக்குடி வரைக்கும் வாங்கிப் போனார்கள். அவர் செத்தபோது கிடங்கு ஆள் எல்லாரும் மாலையோடு போனார்கள். நான் அன்றைக்கு எங்கள் கொல்லையில் களை எடுத்தேன். இப்போது கேட்டாலும் போக மாட்டேன்.

இரும்புக் கடைக்காரர் கீலைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "வேணும்னா செஞ்சு காட்டுறேம்மா" என்று குறட்டைக் கம்பியிலிருந்து எடுத்தார். மேஜைக் காலில் ஒரு மொட்டை ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மாட்டி, குமிழை ஊன்றிச் சாய்த்தார். குறடு வழுக்கியது. மறுபடி மாட்டினார். மறுபடி வழுக்கி, விரல் முட்டி மேஜையில் உரசித் தோல் போனது. "கருமம், புதுசுல இப்பிடித்தான்" என்று முட்டியை வாயில் வைத்துக்கொண்டார். நான் குறட்டை வாங்கி மூக்கைத் திறந்து பார்த்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. எவனோ எங்கேயோ பார்த்துச் செய்தவன் குதிகாலை விடாமல் எடுத்திருக்கிறான், பல்லை விட்டுவிட்டான். கடையில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் என் குரல் எனக்கே கேட்கிற அளவுக்குச் சத்தமாக வந்தது.

"மேஸ்திரி குறடுன்னா வழுக்கத்தான் செய்யும். குதிகால் மட்டுந்தான் அந்த ஆளோடது. பல்லு என்னோடது."

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அதைக் கம்பியில் மாட்டிவிட்டு, கீலை மட்டும் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.