அடக்கம் முடிந்த மூன்றாம் நாள்

நாகலூர் சாலையில் விடியற்காலையில் ஒருவர் ஓடினால் கதவுகள் திறக்கின்றன. நான் இப்போது வசிக்கும் நெதர்லாந்து நகரத்தில் கொட்டும் மழையில் ஓடினாலும் எவரும் திரையை விலக்கிப் பார்ப்பதில்லை. இந்த ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு, எங்கள் வீட்டிலிருந்து ஏற்காடு போகும் சாலையில் ஓடினேன். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளைத் தாண்டுவதற்குள் ஐந்து கதவுகள் திறந்தன. போன் வருவதற்கு முன் எஸ்டேட்டுகளில் சாவுச் சேதியை ஓர் ஆள் ஓடிப்போய்த்தான் லைன் லைனாகச் சொல்வார். பனி மூடி டவர் கிடைக்காத நாட்களில் இன்றும் அப்படித்தான். அதனால் ஓடும் ஆளைக் கண்டால் எங்கள் மக்கள் கேட்கும் கேள்வி ஒன்றே.

“ஏனுங்க, அடுத்தது யாருங்க?” என்றார், காப்பிப் பழம் பறிக்கக் கூடையோடு கிளம்பிய சகாயமேரி அக்கா.

“யாருமில்லக்கா. நாந்தான். சும்மா ஓடுறேன்.”

கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார். “எதாச்சும் தொரத்துதா கண்ணு?”

“இல்லக்கா. பயிற்சி.”

“இந்த ஓட்டத்தப் போன வாரம் ஓடி வந்திருந்தீன்னா, உங்கம்மாவ உசுரோட பாத்திருக்கலாம்.”

என் அம்மா வெள்ளிக்கிழமை பிற்பகலில் இறந்தார். நான் ஞாயிறு நண்பகலில் வந்து சேர்ந்தேன். ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். அன்று மாலையே அடக்கம். மூன்றாம் நாள் காலையில் நான் ஓடினேன். இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் பலர் இந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் விளக்கம் சொல்கிறேன். அங்கே போன முதல் குளிர்காலத்தில், மருத்துவமனை வேலை முடிந்து அறைக்கு வந்தால் கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அதிலிருந்து என்னை எழுப்பியது செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் ஓடும் ஒரு குழு. ஓட்டத்தில் திறமை எனக்குக் கிடையாது, இன்றும் கடைசி ஆள்தான். ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஒரே நாளில் இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு இரண்டு வாரம் படுத்துக்கிடப்பவரின் உடம்பு எதையும் சேர்த்துவைக்காது. ஐந்து கிலோமீட்டரை விடாமல் ஓடுகிறவரை அது நம்பத் தொடங்கும். ஓடிய நாட்களையெல்லாம் தேதியும் தூரமும் போட்டு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளில் விடுபட்ட நாள் இல்லை. விட்டால் அந்தச் சுவர் திரும்ப வந்துவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

வீடு திரும்பியபோது தம்பி அருள் வாசலில் நின்றிருந்தான். எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. ஆட்களின் பேர் பதிய வேண்டிய நேரம், போகாமல் காத்திருந்தான்.

“ஊருக்கெல்லாம் காட்டியாச்சா?”

“யாருக்கும் காட்ட ஓடல அருளு. செவ்வாக்கிழமைன்னா ஓடணும். விட்டா என்னால முடியாது.”

“முப்பதாம் நாள் பூசை வரைக்கும் நிறுத்து. வந்தவங்க இன்னும் ஊட்ல உக்காந்திருக்காங்க. பேண்ட்டப் போட்டுக்கிட்டு ரோட்ல ஓடுற.”

“நாலு வருசமா ஒரு நாள் விட்டதில்ல. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.”

அவன் சிரித்தான். “நானும் எம் பொண்டாட்டியும் நாலு வருசமா அம்மாவுக்கு மாத்திரை குடுத்தோம். குளிக்க வெச்சோம். ஒரு நாள் உடல. நோட்டுப் போடணும்னு தோணல, அவ்வளவுதான்.” பைக்கை எடுத்துக்கொண்டே சொன்னான்: “நாளான்னிக்கும் ஓடுனீன்னா பூசைக்கு அழைக்கிற கார்டுல உம் பேரு இருக்காதுக்கா. நான் வெளையாட்டுக்குச் சொல்லல.”

அன்று பகலில் நோட்டைப் புரட்டினேன். ஓடிய நாட்கள் எல்லாம் இருந்தன. அம்மாவோடு போனில் பேசிய நாட்களை எங்கேயும் குறித்திருக்கவில்லை. குறித்திருந்தால் எத்தனை வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அருள் சொன்னது நியாயம். ஆனாலும் அவன் மேல் எனக்கு வந்த கோபம் குறையவில்லை. நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல்தான் கோபம் அதிக நாள் தங்குகிறது.

வியாழக்கிழமை ஓடினேன். இந்த முறை ஒரு கதவும் திறக்கவில்லை. சகாயமேரி அக்கா சில்வர் ஓக் மரத்தடியில் நின்று, நான் கடந்து போகும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை நான் கிளம்பியபோது அருள் என் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தான்.

திரும்பியதும் குழுவை நடத்தும் மரைக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். சரளமான டச்சு என்னிடம் இல்லை. இறந்தார், புதைத்தோம், ஓடினேன் என்ற மூன்றும்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தன. தோளில் தட்டி, “அந்த நாளிலும் விடவில்லை பார். உன் அம்மா பெருமைப்பட்டிருப்பார்” என்றார். அம்மா செருப்பைத் தேடியிருப்பார். அதற்கான டச்சுச் சொற்களும் என்னிடம் இல்லை. குழுவில் எல்லோரும் சொல்வார்கள், மலையில் பிறந்ததால் ஓட்டம் என் ரத்தத்தில் இருக்கிறதாம். பஸ் வராத நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு நடந்ததை இவர்கள் பயிற்சி என்று நினைக்கிறார்கள்.

பூசைக் கார்டு வாட்ஸ்அப்பில் வந்தது. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அனுப்பினார். கீழே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்றிருந்தது. மகள் இல்லை. பெரிதாக்கியும் பார்த்தேன்.

முப்பதாம் நாள் சனிக்கிழமை. நாகலூரில் பூசை மாலை ஐந்தரைக்கு, அதாவது இங்கே பகல் ஒரு மணி. அன்று குழுவுக்கு நீண்ட ஓட்டம். கால்வாய்க் கரையில் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஒரு மணி ஆனது. நின்றேன். முன்னால் போனவர்கள் போய்விட்டார்கள். மரைக்கா மட்டும் திரும்பி ஓடிவந்தார்.

“கால் பிடித்துக்கொண்டதா?”

“ஆமாம்” என்றேன்.

“சும்மா நிற்காதே, இறுகிவிடும். நின்ற இடத்திலேயே ஓடு. நான் இருக்கிறேன்” என்றார்.

நின்ற இடத்திலேயே ஓடினேன். முன்னும் போகாமல் பின்னும் போகாமல் கால்கள் மாறி மாறி எழுந்து விழுந்தன. வாய்க்குள், பூசையில் சொல்லும் பரலோக மந்திரம் ஓடியது. நான் மூச்சை எண்ணுகிறேன் என்று நினைத்து, மரைக்கா என் எதிரே நின்று டச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடவே எண்ணத் தொடங்கினார்.